ரத்தத்தில் இருக்கிறதா?

"அதுங்களுக்கு ரத்தத்திலேயே இருக்குங்க." காசிமேட்டுச் சாவு வீட்டில் கானா பாடுகிறவனைப் பார்த்து, புகழ்வதாக நினைத்துச் சொல்கிறார்கள். இது புகழ்ச்சியா?

எங்கள் தெருப் பையன் ஒருவன், மீன் கூடை தூக்கிவிட்டு வந்து பழைய கீபோர்டில் ப்ளூஸ் பழகுகிறான். ஒரே சுரத்தைத்தான் மணிக்கணக்காய் அடிக்கிறான். நடுவிரல், ஆள்காட்டி விரல், பெருவிரல் என்று மாற்றி மாற்றி.

"ஏன்டா, ஒரே விரல்ல அடிச்சா ஆவாதா?"

"கை இறுகிப் பூடும்ணா. கட்டை மேல எழும்புனாத்தான் மறுபடி பேசும். ஒரு வெரலு போறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கணும். மூணும் ஒரே சத்தமா வந்தப்புறம்தான் வேகம்."

குரல் ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தும். பியானோவிலோ அடித்த கணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். ஒப்பாரியை நிறுத்திவைக்க வேண்டுமானால் திரும்பத் திரும்ப அடித்தாக வேண்டும். கறுப்பின மக்கள் இதை உழைத்துக் கைவசமாக்கினார்கள். சிகாகோவின் ஜிம்மி யான்சி 1925 முதல் 1950 வரை பேஸ்பால் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர். முதல் இசைத்தட்டு 1939இல்தான். அவர்களைப் பற்றியும் இதே 'ரத்த' வசனம் உண்டு.

மயிலாப்பூர்ப் பிள்ளை விடியற்காலையில் வாசித்தால் அது சாதகம். நம்ம பிள்ளை வாசித்தால் ரத்தம். ரத்தத்தில் இருப்பதற்குக் கூலி கேட்க முடியாதல்லவா? மலம் அள்ளுவதையும் பிறப்பில் வைத்தவர்கள்தானே இவர்கள்.

'பறை நம்ம ரத்தம்' என்று மேடையில் நாமும்தான் முழங்குகிறோம். நானே முழங்கியிருக்கிறேன். அன்றைக்குப் பறையைத் தீயில் காய்ச்சிக் காய்ச்சிக் கை கன்றிப்போன கிழவர் கீழே உட்கார்ந்திருந்தார். அவர் எத்தனை வருஷம் பழகினார் என்று நான் கேட்கவில்லை.

பையன் இன்னும் அதே கட்டையில்தான் இருக்கிறான். பெருவிரல் சத்தம் மட்டும் தூக்கலாக விழுகிறதாம்.