மணிக்கட்டில் ஓர் எண்

142, மேல்நோக்கிச் சாய்ந்த அம்பு.

பழகப் பழக எண்ணைவிட அம்பைத்தான் முதலில் பார்க்கிறேன். ஏறுகிற 142 வேறு, இறங்குகிற 142 வேறு. இரண்டுக்கும் அடுத்த அரைமணி நேரத்தில் செய்யவேண்டியதும் வேறு. விரலைக் குத்திப் பார்த்த காலத்தில் எண் மட்டும்தான் கிடைத்தது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அந்தச் சொட்டு இரத்தம் சொன்னதில்லை.

*

வாட்ச் எதையும் அளப்பதில்லை. இங்கே மலையகத்து ஹட்டன் பஜாரில் என் கையைப் பார்த்துவிட்டு, "சீனி பார்க்கிற இந்த வாட்ச் என்ன விலை சேர்?" என்று கேட்கிறவர்கள் அதிகம். அதனால் இதைக் குறித்து வைக்கிறேன்.

அளப்பது மேல்கையின் பின்புறம் ஒட்டியிருக்கும் சென்சர். ஐந்து ரூபாய்க் குற்றி அளவு. அதன் அடியிலிருந்து ஒரு மெல்லிய இழை தோலுக்குள் சுமார் அரை சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது. இழையில் பூசிய நொதியும் உடம்பின் குளுக்கோசும் சேரும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டந்தான் எண்ணாக மாறி, புளூடூத் வழியே கைப்பேசிக்கு வந்து, அங்கிருந்து மணிக்கட்டில் தெரிகிறது. தோலைத் துளைக்காமலே சீனி பார்க்கும் என்று விற்கப்படும் வாட்ச்களையும் மோதிரங்களையும் நம்பவேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. அப்படிப்பட்ட எதற்கும் அது அனுமதி கொடுத்திருக்கவில்லை. இன்சுலின் போடுகிற ஒருவர் அந்த மாதிரிப் பொய் எண்ணை நம்பி ஊசி அளவைக் கூட்டினால், உயிருக்கே ஆபத்து.

*

இழை நனைந்திருப்பது இரத்தத்தில் அல்ல, உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நீரில். இரத்தத்தில் நடப்பது அங்கே வந்துசேரச் சில நிமிடங்கள் பிடிக்கும். வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடைவெளி நன்றாகத் தெரியும்.

தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்குக்கு ஏறிவிட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கும்போது, பனிமூட்டத்துக்குள் நெற்றி வியர்க்கிறது. விரல் நடுங்குகிறது. வாட்ச் இன்னும் 81 என்கிறது. இந்த மாதிரி நேரத்தில் முதல் மரியாதை விரலுக்குத்தான். கல்லில் உட்கார்ந்து டொபியை வாயில் போட்டுக்கொள்கிறேன். எண் பின்னால் வந்து சேர்கிறது: 72, 66.

*

இரண்டு கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், சீனி போட்ட தேத்தண்ணி. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் 200-ஐத் தாண்டிப் போகிறது. அதே ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுப் பாடசாலைக்குப் படி ஏறினால் 160 பக்கம் நின்றுவிடுகிறது. வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலிருந்து சீனியை எடுத்துக்கொள்கிறது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். என் மணிக்கட்டில் பார்த்த பிறகுதான் அம்மா சொல்லிவந்தது விளங்கியது. "மலையில ஏறி எறங்குன வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. தோட்டத்துல பேர் எடுத்து வேலைய விட்ட பெறகுதான் இந்தச் சீனி வந்துச்சு."

ரொட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளை அனுப்பி, பிரட்டுக்கு, காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடவேண்டிய ஒரு பெண்ணுக்குக் கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய சாப்பாடு அது.

*

விடிகாலை ஐந்து மணி. எதுவும் சாப்பிடவில்லை, எழுந்திருக்கவுமில்லை. ஆனாலும் அம்பு மேலே பார்க்கிறது. விழிக்கும் நேரத்துக்கு முன்பே கோர்ட்டிசோல் போன்ற ஹோர்மோன்கள் எழும்ப, ஈரல் தன் சேமிப்பிலிருந்து சீனியை இரத்தத்தில் விடுகிறது. படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏறட்டும். இப்போதெல்லாம் எண் கூடினால் குற்றம் என்று மனம் பதறுவதில்லை. உடம்பு ஒரு நாளுக்கு ஆயத்தமாகிறது, அவ்வளவுதான்.

*

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். நிறுவையில் தராசு முள்ளைப் பார்ப்பவர் கணக்கப்பிள்ளை. கிலோவைச் சொல்பவரும் அவரே. ஈரக் கொழுந்து என்று கொஞ்சம், சாக்கு என்று கொஞ்சம் கழிபட்டு மிச்சம்தான் ஏட்டில் ஏறும். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அரைநாள் சம்பளம். நாள் முழுக்க அவள் உடம்பு பட்ட பாடு கடைசியில் ஓர் எண்ணாக முடியும். அந்த எண்ணைக் காதால் கேட்டிருக்கிறாளே தவிர, கண்ணால் பார்த்ததில்லை.

1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் குளுக்கோஸ் சென்சரும் அணிந்தவருக்கு எண்ணைக் காட்டவில்லை. மினிமெட் நிறுவனத்தின் அந்தக் கருவி மூன்று நாள் உடம்பில் இருந்து அளவுகளைச் சேமிக்கும். பிறகு வைத்தியர் கணினியில் இறக்கிப் பார்ப்பார். 2001-இல் குளுக்கோவாட்ச் மணிக்கட்டிலேயே காட்டியது. சிறு மின்னோட்டத்தால் தோல் வழியே திரவத்தை இழுத்து அளந்த அது தோலைப் புண்ணாக்கியது, நிலைக்கவில்லை.

இன்று என் கையில் தெரியும் எண்ணுக்கு வழி திறந்தவர்களில் ஒரு தகப்பனும் உண்டு. நியூயோர்க் மாநிலத்து மென்பொருள் பொறியாளர் ஜோன் கோஸ்டிக். நான்கு வயதில் அவர் மகனுக்கு முதல் வகை நீரிழிவு கண்டது. பிள்ளையின் சென்சர் எண் கூடவே இருக்கும் சிறு பெட்டியில் மட்டும்தான் தெரியும். பிள்ளை வெளியே போய்விட்டால் தகப்பனுக்கு ஒன்றும் தெரியாது. 2013-இல் அவர் அந்த எண்களை இணையத்துக்கு அனுப்ப நிரல் எழுதினார். பெப்பிள் வாட்சிலும் அவை தெரிந்தன. வேறு பெற்றோர்களும் கைகொடுக்க, அது நைட்ஸ்கவுட் என்ற பெயரில் வளர்ந்தது. யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக விட்டார்கள். டெக்ஸ்கொம் நிறுவனத்தின் சென்சர் கைப்பேசி இடையில் இல்லாமல் அப்பிள் வாட்சுடன் நேரே பேசத் தொடங்கியது 2024-இல்தான். அந்தப் பெற்றோர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றி பெருகுகிறது.

*

சென்சரை லண்டனிலிருந்து அக்கா வாங்கி அனுப்புகிறாள். ஒன்று 14 நாள் வேலை செய்யும். இங்கிலாந்தில் முதல் வகை நீரிழிவுள்ள எல்லோருக்கும் இதைக் கொடுக்கவேண்டும் என்று 2022-இல் வழிகாட்டுதல் வந்துவிட்டது. இந்த மலையிலும் நாளுக்கு நாலு முறை ஊசி போட்டுக்கொண்டு பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் கிடைக்கவேண்டும். எனக்கு இருப்பது அக்காவின் தயவு.

*

அம்மா சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: கெட்ட கனவு, விடியும்போது ஜக்கெட் நனைந்திருக்கிறது, தலை கனக்கிறது. "கம்பளிக்குள்ள படுத்தா வேர்க்கத்தானே செய்யும்" என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள். கிளினிக்கில் மூன்று மாதச் சராசரிச் சீனி (HbA1c) கூடியிருக்கிறது என்று இரவு மாத்திரையைக் கூட்டியிருந்தார்கள்.

எனக்கு வந்த சென்சர் ஒன்றை அவள் கையில் ஒட்டினேன். அந்த நாட்களில் நான் விரலைக் குத்திக்கொண்டேன். அவள் இன்னும் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறாள். புளூடூத் சில மீற்றர்தான் எட்டும் என்பதால் இரவில் நானும் அங்கே போய்ப் படுத்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அது தாராளம்.

பின்னிரவில் மணிக்கட்டு அதிர்ந்தது. 61, கீழ்நோக்கிய அம்பு. சென்சர் இருக்கும் பக்கம் சரிந்து படுத்தால் அந்த இடத்து நீர் பிதுங்கி எண் பொய்யாகக் கீழே போவதுண்டு. லைட்டைப் போட்டுப் பார்த்தேன். அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை.

"அம்மா, விரலக் குடுங்க."

"என்ன தம்பி, விடிஞ்சிருச்சா?"

குளுக்கோமீட்டரில் 57. சீனி கரைத்துக் கொடுத்தேன். கால் மணியில் மீண்டும் குத்தினேன், ஏறியிருந்தது. அடுத்தடுத்த இரவுகளிலும் அதே நேரத்தை ஒட்டி அதே இறக்கம். கிளிக்லசைட் மாத்திரை, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். இரவில் அவள் சாப்பிடுவது பாதி ரொட்டி.

எண்களை ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு அவளோடு போனேன். வைத்தியர் நிதானமாக வாசித்தார். அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இரும்புச்சத்துக் குறைந்த உடம்பில் மூன்று மாதச் சீனி உள்ளதைவிடக் கூடவே காட்டக்கூடும் என்றார். அம்மாவுக்கு இரத்தம் குறைவு என்று முடிவு வந்தது. இரும்பு மாத்திரை சேர்ந்தது, இரவு கிளிக்லசைட் நின்றது.

*

சென்சரின் காலம் முடிந்து கழற்றிவிட்டோம். இப்போது அவளிடம் இருப்பது குளுக்கோமீட்டர் மட்டும். நான் போகும் நாட்களில் பின்னிரவில் எழுப்பிக் குத்திப் பார்க்கிறேன். 104. 111. ஜக்கெட் நனைவதில்லை என்கிறாள்.

லயத்தின் மூன்றாவது காம்பராவில் இருக்கும் ஓர் அக்காவும் அதே மாத்திரைதான் போடுகிறாராம், அவருக்கும் இரவில் வியர்க்கிறதாம். அம்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்திருக்கிறாள். "ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருக்கா குத்திப் பாரு, எழுதி வச்சுக் கிளினிக்குல காட்டு" என்று சொல்லி மீட்டரைக் கொடுத்து அனுப்பினாளாம். விரல் குத்தும் ஊசி ஒருத்தருக்கு ஒன்று, ஒருமுறை குத்தியதை மறுமுறை தொடக்கூடாது என்று சொன்னேன். ஹட்டனில் இறங்கும்போது ஒரு பெட்டி ஊசியும் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பும் வாங்கவேண்டும்.