இரவல் கண்

இரவல் வாங்கிய ஒன்றைக்கொண்டு செய்த காரியத்தில் பிழை நேர்ந்தால் அந்தப் பிழை யாருடையது? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகப் படலாம். மூன்று மாதமாக எனக்கு அப்படிப் படவில்லை.

மறைந்த கவிஞர் ஒருவருக்கு அவர் வீட்டு மாடியில் நினைவுக் கூட்டம். பன்னிரண்டடி அகல அறை, நாற்பது பேர். (அவர்களில் பாதிப் பேர், நான் உட்பட, அவர் உயிரோடிருந்தபோது அந்தப் படி ஏறியதில்லை.) கேமரா வைத்திருந்த குற்றத்துக்காகப் படமெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் என் லென்ஸில் எட்டுப் பேருக்குமேல் அடங்கமாட்டார்கள். வேண்டியிருந்தது கானன் 11-24 மி.மீ. 2015இல் வந்த லென்ஸ். 1180 கிராம் எடை. முன்கண்ணாடி பல்பைப்போலப் புடைத்திருக்கும். விலை என் பல மாதச் சம்பளம். உள்ளூரில் வாடகைக்குக் கொடுக்கிறவர்களிடம் இல்லை. வெளியூர்க் கடை ஒன்றில் இருந்தது: ஆதார் நகல், முன்பணம், நாள் கணக்கு. கடைசியில் கல்யாணப் படமெடுக்கும் நண்பரிடமே அது இருப்பது தெரிந்தது. அவர் வாடகை பேசவில்லை. “கொண்டுபோங்க சார், ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இல்ல” என்றார்.

வாடகையில் எல்லாம் கணக்கோடு முடிந்துவிடுகிறது. அன்றாடம் நான் பார்க்கும் வேலை அது. நகைக்கடன் கேட்டு வருபவரின் கண் முன்னாலேயே மதிப்பீட்டாளர் நகையை உரைத்துப் பார்க்கிறார், எடை போடுகிறார், கல்லைக் கழித்து நிகர எடை எழுதுகிறார். யாரும் அதை அவமதிப்பாகக் கொள்வதில்லை. இரவலில் இது சாத்தியமில்லை. நண்பர் முன்னிலையில் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவரையே சந்தேகிப்பதாகிவிடும் என்ற கூச்சத்தில் நான் எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஓரத்தில் ஆளை நிறுத்தக்கூடாது என்பது அவருக்குக் கையில் ஊறிய விஷயம்.

இவ்வகை லென்ஸ் நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும். சுவர் வளையாது. அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் ஓரத்தில் இருப்பவர்கள். நடுவிலிருந்து விலக விலக உருவம் வெளிப்புறமாக இழுபடுகிறது. 36 மி.மீ. அகலச் சட்டகத்தில், 11 மி.மீ. தூரத்தில், இடது வலது ஓரங்களில் விழும் ஒரு பந்து உயரத்தைப்போல ஏறக்குறைய இருமடங்கு அகலம் கொண்டுவிடும். மீன்கண் லென்ஸ் என்றொன்று இருக்கிறது. அதில் தலைகள் ஓரளவு உருண்டையாகவே இருக்கும், சுவர்கள் வில்லாக வளையும். சுவருக்கு நியாயம் செய்யலாம், அல்லது முகத்துக்கு. இரண்டுக்கும் சேர்த்துச் செய்கிற கண்ணாடி கிடையாது. இது தொழில்நுட்பத்தின் போதாமை அல்ல, ஜியாமிதியின் விதி.

வாடிகனில் ராஃபேல் 1509க்கும் 1511க்கும் இடையில் தீட்டிய ‘ஏதென்ஸின் பள்ளி’யில் வலது ஓரமாக இருவர் கையில் கோளங்கள். கண்டிப்பான கணிதப்படி அவை நீள்வட்டங்களாகியிருக்க வேண்டும். அவர் வட்டமாகவே வரைந்தார். கட்டிடத்துக்கு ஒரே மையம். கோளங்களுக்கு அவையவையே மையம். இதைப் பிழை என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஓர் அறையில் மனிதர்களை நாம் பார்ப்பது இப்படித்தான். யார் முகத்தின்மேல் பார்வை நிற்கிறதோ அவர் அந்தக் கணத்தில் ஓரத்தில் இல்லை.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் படத்தின் நடுவில் வெகு லட்சணமாக இருக்கிறார். கவிஞரின் மனைவி காபி டம்ளர்களோடு எழுந்துபோக வசதியாகக் கதவோரம் உட்கார்ந்திருந்தார். அவர் விழுந்த படம் அது ஒன்றுதான். முகம் பக்கவாட்டில் இழுபட்டு, யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதுபோல. பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். “லென்ஸ் அப்படிம்மா” என்றேன். அது போதாதென்று, “அதுவும் என்னுதில்ல, இரவல்” என்றேன். அவர் படத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அன்னைக்கு நான் அப்படித்தான் இருந்திருப்பேன் தம்பி” என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் ஏன் சொன்னேன் என்பதுதான் என் பிரச்னை. கருவி என்னுடையதல்ல, ஆனால் எந்தச் சுவரில் சாய்ந்து நிற்பது, யாரை நடுவில் கொள்வது என்று தீர்மானித்தது நான். இரவலில் அந்தத் தீர்மானம் அடங்காது. இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு விமர்சனத்துக்கு வந்தவன் நான். பத்து வருஷத்துக்குமுன் இதே கவிஞரின் தொகுப்பு பற்றி, அப்போதுதான் வாசித்திருந்த அமைப்பியலைக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினேன். போன வாரம் அதை எடுத்துப் பார்த்தேன். சுவர்களெல்லாம் நேராக நிற்கின்றன. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இரவலே வேண்டாம் என்று சொல்ல நான் தயாரில்லை. என் லென்ஸோடு நின்றிருந்தால் எட்டுப் பேர் இருந்திருப்பார்கள். அந்த எட்டில் கதவோரம் இருந்தவர் நிச்சயம் இல்லை.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது நண்பர் படத்தைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடலாம் என்றார். செய்தோம். அம்மாவின் முகம் தன் வடிவத்துக்கு வந்தது; பின்னாலிருந்த கதவு வளைந்துகொண்டது. இரண்டாவது பிரதி என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், முதல் படத்தைப் பார்த்து அவர் சொன்னதை நான் மறுப்பதாக ஆகுமோ என்னவோ.