மிச்சம் பிடித்த பணம்

சிக்கனம் நல்ல குணம் என்பதில் நம்மில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளை ஆறு ரூபாய் கொடுத்து வாங்கினவனை ஊரே ஏமாளி என்கிறது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற கோடையில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி, அதில் 3,400 ரூபாய் மிச்சம் பிடித்த பிறகுதான், மிச்சம் பிடிப்பதிலும் நியாய அநியாயம் உண்டோ என்ற கேள்வி எனக்குள் புகுந்துகொண்டது.

எங்கள் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜ் பதினான்கு வருஷம் உழைத்தது. சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை, உள்ளே வைத்திருந்த பால் திரிந்து போயிருந்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "கம்ப்ரஸர் போயிடுச்சு சார். இதை மாத்துற காசோட இன்னும் கொஞ்சம் போட்டா, புதுசாவே வாங்கிடலாம்" என்றார். அன்று மாலையே நானும் என் மனைவியும் கும்பகோணம் கடைத்தெருவில் எங்களுக்குப் பழக்கமான ஒரு கடைக்குப் போனோம். சின்னக் கடைதான். எங்கள் வீட்டு மிக்ஸியும் இரண்டு மின்விசிறிகளும் அங்கே வாங்கினவை.

கடைக்காரர் உடனே எந்த ஃபிரிட்ஜையும் காட்டவில்லை. வீட்டில் எத்தனை பேர், மாடியா கீழ்வீடா, சமையலறையில் எந்தச் சுவரோரம் வைக்கப் போகிறோம், மாடிப்படி திரும்பும் இடத்தில் அகலம் எவ்வளவு என்று கேட்டார். "நாலு பேருக்கு 250 லிட்டருக்குப் பக்கமா இருந்தா போதும் சார். பெரிசு எதுக்கு, பாதி காலியா ஓடறதுக்கா?" என்றார். பனி கட்டுகிற வகைக்கும் கட்டாத வகைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கதவைத் திறந்து காட்டி விளக்கினார். பிறகு கதவில் ஒட்டியிருந்த நட்சத்திரச் சீட்டுக்கு வந்தார். "நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீங்க. வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு போட்டிருக்கு பாருங்க. அதுதான் உங்க காசு. சீட்டு எந்த வருஷம் வரைக்கும் செல்லும்னும் பாருங்க."

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2006இல் இந்த நட்சத்திர முறையைக் கொண்டுவந்தது. அதன் அளவுகோலைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை கடுமையாக்குகிறார்கள். ஆகையால் பழைய சீட்டில் ஐந்து நட்சத்திரம் பெற்றது, புதிய சீட்டில் நான்காகவோ மூன்றாகவோ இறங்கிவிடலாம். பதினான்கு வருஷம் ஃபிரிட்ஜ் வைத்திருந்த எனக்கு இது அன்றுதான் தெரிந்தது.

ஒரு காகிதத்தில் கணக்கும் போட்டுக் காட்டினார். ஒரு ஃபிரிட்ஜுக்கு வருஷத்துக்கு 230 யூனிட், இன்னொன்றுக்கு 180. வித்தியாசம் 50 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 300 ரூபாய். இரண்டாவதன் விலை 2,000 ரூபாய் கூடுதல் என்றால், ஏழாவது வருஷம் முடிவதற்குள் அந்தப் பணம் திரும்பிவிடும். "பத்து வருஷம் வச்சிருப்பீங்கன்னா இதையே எடுங்க" என்றார். இப்படியே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் காபி வந்தது, குடித்தோம். "வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம்" என்று சொல்லி எழுந்தோம். எழும்போது, அந்த மாடலின் எண்ணைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். வெளிச்சம் மறைக்காமலிருக்க அவரே சற்று விலகி நின்றார்.

வீட்டில் கலந்து பேசியது பத்து நிமிஷம். என் மகன் அந்த எண்ணைச் செல்போனில் தட்டினான். அதே கம்பெனி, அதே மாடல், அதே நிறம். என்னிடம் இருந்த கிரெடிட் கார்டுக்கு ஒரு தள்ளுபடியும் சேர்ந்து, கடைக்காரர் சொன்ன விலைக்கு 3,400 ரூபாய் குறைவு. மூன்றாம் நாள் இரண்டு பேர் அதை மாடிக்குத் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனார்கள். படி திரும்பும் இடத்தில் அது இடிக்கவில்லை. கடைக்காரர் சொன்ன அளவு சரியாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து, மகாமகக் குளக்கரையில் அவர் எதிரே வந்தார். "என்ன சார், ஃபிரிட்ஜ் விஷயம் என்ன முடிவு பண்ணினீங்க?" என்று கேட்டார்.

"இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலை" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் செய்தது நியாயமான காரியம் என்றால், அதை மறைக்க ஒரு பொய் எதற்கு?

மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "கடையைத் திறந்து வச்சிருக்கிறதே நாலு பேர் வந்து பார்க்கத்தானேப்பா? பார்க்கிறவங்க எல்லாரும் வாங்கணும்னு சட்டமா? தாத்தா ஒரு வேட்டிக்குப் பத்துக் கடை ஏறி இறங்குவார்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?" என்றான்.

இந்த வாதத்தில் பலம் உண்டு. நாலு இடம் விசாரித்து வாங்குவதை யாரும் பாவம் என்று சொன்னதில்லை. கடைக்காரர்களும் ரிஷிகள் அல்லர். ஆளைப் பார்த்து விலை சொல்வதும், பேரம் பேசத் தெரிந்தவனுக்கு ஒரு விலை, கூச்சப்படுகிறவனுக்கு ஒரு விலை என்று வைப்பதும் கடைத்தெருவுக்குப் புதிதல்ல. இணையக் கடையில் அந்த வம்பு இல்லை என்கிறார்கள். ஆனால் அங்கேயும் ஆள் பார்ப்பது ஒழிந்துவிடவில்லை. எனக்குக் கிடைத்த தள்ளுபடி கார்டு உள்ளவனுக்குக் கிடைத்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளிடம் அந்தக் கார்டு இல்லை. அதே ஃபிரிட்ஜை அதே இடத்தில் அவள் வாங்கினால் என்னைவிட அதிகம் கொடுக்க வேண்டும். முன்பு முகத்தைப் பார்த்தார்கள். இப்போது கார்டைப் பார்க்கிறார்கள்.

அது இருக்கட்டும். அப்பா பத்துக் கடை ஏறி இறங்கியதற்கும் நான் செய்ததற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பத்து வேட்டிக் கடைக்காரர்களும் விரித்துக் காட்டுகிறவர்கள். இன்று இவர் விரித்ததைப் பார்த்துவிட்டு அவரிடம் வாங்கினால், நாளை அவர் விரித்ததைப் பார்த்துவிட்டு இவரிடம் ஒருவன் வாங்குவான். அவர்களுக்குள் கணக்கு நேராகிவிடும். ஆனால் இணையக் கடையில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, எங்கள் கடைக்காரரிடம் வாங்க வருகிறவன் யார்? காட்டுகிற செலவு ஒருவருக்கு, விற்கிற லாபம் இன்னொருவருக்கு என்று ஆகிவிடுகிறது. உண்மையில் நான் அன்று இரண்டு பொருள் வாங்கினேன். ஃபிரிட்ஜை இணையத்தில் வாங்கினேன்; எந்த ஃபிரிட்ஜை வாங்குவது என்ற அறிவைக் கடைத்தெருவில் வாங்கினேன். முதலாவதற்குத்தான் பணம் கொடுத்தேன்.

கடைக்குள் நுழைந்தபோது அங்கேயே வாங்கும் எண்ணம் இருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மாடல் எண்ணைப் படம் எடுத்த விரலுக்கு என் உத்தேசம் முன்னாலேயே தெரிந்திருந்தது.

வாங்குகிறவனைக் காப்பாற்ற நம் நாட்டில் சட்டங்கள் உண்டு. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019இல் அதன் இடத்தில் புதிய சட்டம். 2020இல் இணைய வியாபாரத்துக்குத் தனி விதிகள். இன்னும் இரண்டே உருப்படி பாக்கி என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத பொருளைப் பில்லில் நுழைப்பதும் கூடாது என்று 2023 நவம்பரில் ஒரு நெறிமுறையே வெளியிட்டார்கள். எல்லாம் விற்கிறவனுக்குப் போட்ட கடிவாளங்கள். வள்ளுவரும் நடுவு நிலைமை அதிகாரத்தில், பிறர் பொருளையும் தன்னுடையதைப் போலப் பேண வேண்டும் என்று வியாபாரிக்குத்தான் சொன்னார். விற்கிறவன் பலசாலி, வாங்குகிறவன் அப்பாவி என்று இருந்த உலகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது நம் சட்டைப் பையில் ஊர் உலகத்து விலையெல்லாம் கிடக்கிறது. பெரிய வியாபாரியிடம் நாம் இன்னும் அப்பாவிகள்தாம். ஆனால் கடைத்தெருவின் சின்னக் கடைக்காரரிடம் நாம்தான் பலசாலிகள். பலம் கைமாறினால் தர்மமும் கூடவே கைமாற வேண்டாமா?

அப்படியானால் இணையத்தில் வாங்கவே கூடாது என்கிறேனா? இல்லை. மாதச் சம்பளக்காரனுக்கு 3,400 ரூபாய் சின்னத் தொகை அல்ல. மிச்சம் பிடிக்க யாரையும் சுரண்டாத வழிகள் இருக்கின்றன. தேவைக்கு மேல் பெரிதாக வாங்காமலிருப்பது முதல் மிச்சம். யூனிட் கணக்கை நாமே உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது இரண்டாவது. திருவிழாத் தள்ளுபடி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், தள்ளுபடி எவ்வளவு என்று பார்க்காமல், அதே பொருள் முந்தின மாதம் என்ன விலைக்குப் போயிற்று என்று பார்ப்பது மூன்றாவது. வட்டியில்லாத் தவணை என்ற பேச்சில் மயங்காமலிருப்பது நான்காவது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி எங்கேயோ ஒளிந்திருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறையுமா என்று கேட்டால் அது வெளியே வந்துவிடும்.

இவற்றையெல்லாம் நாமே படித்துத் தெரிந்துகொண்டு இணையத்தில் வாங்கினால் யாருக்கும் கடன் இல்லை. ஆனால் ஒரு மனிதரை முக்கால் மணி நேரம் பேச வைத்துவிட்டால், அந்தக் குறைந்த விலையை அவர் முகத்துக்கு நேரே சொல்லியாவது விட வேண்டும். "இன்ன விலைக்குக் கிடைக்கிறது, உங்களால் முடியுமா?" என்று கேட்பதில் என்ன அவமானம்? யாரிடமிருந்து மிச்சம் பிடித்தோமோ அவரிடமே அதைச் சொல்ல முடிந்தால், அது சிக்கனம். சொல்ல முடியாவிட்டால் அதற்கு வேறு பெயர்.

இவ்வளவு யோசித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கடைக்குப் போய், "அன்றைக்கு நான் சொன்னது பொய். ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டேன்" என்றேன்.

"தெரியும் சார். கடைப் பையன் உங்க தெருதான். வண்டி வந்து இறக்கினதைப் பார்த்திருக்கான்" என்றார்.

"தெரிந்துகொண்டேதான் அன்றைக்குக் கேட்டீர்களா?"

"ஆமாம். வாங்கிட்டேன்னு நீங்களே சொன்னா, ஒரு ஸ்டெபிலைசராவது விக்கலாமேன்னு பார்த்தேன். உங்க தெருவிலே சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்." கொஞ்சம் பொறுத்து, "அந்த விலையை அன்னிக்கே காட்டியிருந்தா 1,500 ரூபாய் குறைச்சிருப்பேன் சார். அதுக்கு மேலே எனக்குக் கட்டாது" என்றார்.

அப்படியானால் பாக்கி 1,900 ரூபாய். அந்த முக்கால் மணி நேரத்துக்கும், மாடிப்படி அளவுக்கும், யூனிட் கணக்குக்கும் உரிய விலை அது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன் என்று இப்போது எழுதுவது சுலபம். பணம் என் பையில் பத்திரமாக இருக்கிறது. கொடுக்காமலே போயிருந்தாலும் போயிருப்பேன். ஆனால் கேட்கும் சந்தர்ப்பத்தைக்கூட நான் அவருக்குக் கொடுக்கவில்லையே, அதுதான் உறுத்துகிறது.

ஸ்டெபிலைசரை அவரிடமே வாங்கிக்கொண்டு வந்தேன். அதனால் பழைய கடன் தீர்ந்துவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் மகன் அதன் பெயரைச் செல்போனில் தட்டிவிட்டு, "அப்பா, இது இதிலே என்ன விலை தெரியுமா?" என்று ஆரம்பித்தான். சொல்ல வேண்டாம் என்றேன்.