ஒரே பாத்திரத்தில் குடியுங்கள்

தஞ்சைச் சீமைச் சபையாரே, இந்த வருஷத்து அறுப்பின் பண்டிகைக்கு முன் நாம் செய்து முடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தள்ளிப்போட்டுவிட்டோம். இனியும் தள்ளிப்போட நமக்கு உரிமை இல்லை.

இராஜநாயக்கன் என்ற பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தஞ்சை மராட்டிய மன்னரின் படையில் சேவகம் பண்ணியவர். பறையர் குலத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு கைக்குக் கிடைத்ததும் அதை வாசித்து வாசித்தே மனம் மாறினார். பிறகு உபதேசியாரானார். வெள்ளைக்காரப் பாதிரிமார் தஞ்சை நாட்டுக்குள் எளிதில் கால்வைக்க முடியாத அந்நாளில் இந்தப் பக்கத்துச் சபைகளைத் தாங்கியவர் அவர். 1733இல் ஆரோன் குருவான பின், அடுத்த தமிழ்க் குரு யார் என்று மிஷனரிகள் யோசித்தபோது இவர் பெயரும் வந்தது. 1741இல் குருப்பட்டம் பெற்றவரோ தியோகு. இராஜநாயக்கனிடம் விசுவாசக் குறையோ ஞானக் குறையோ இருந்ததா? இல்லை. அவர் கையால் இராப்போஜனம் கொடுத்தால் மேல்சாதிச் சபையார் முகம் சுளிப்பார்களே என்று பயந்தார்கள். அவர் கடைசிவரை உபதேசியாராகவே உழைத்து 1771இல் கண்ணை மூடினார்.

அப்போஸ்தலர் காலத்தில் அந்தியோகியாவில் நடந்ததும் இதுதான். கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைந்து, தேவன் ஆள்பார்த்து நடப்பவரல்ல என்று கண்ணாரக் கண்ட பேதுரு, அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகினார். உபதேசத்தில் ஒரு வார்த்தையையும் அவர் மாற்றவில்லை. உட்காரும் இடத்தைத்தான் மாற்றினார். அதற்கே பவுல் எல்லார் முன்பாகவும் அவரை முகத்துக்கு முகம் எதிர்த்தார். சுவிசேஷமே அந்தப் பந்தியில் கவிழ்ந்துபோயிற்று என்று அவர் கண்டார்.

"சாதி ஊர் வழக்கம், விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பேதுருவும் அதைத்தானே சொல்லியிருக்கலாம்? 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சை வேளாளச் சபையாரில் பலர் கோயிலைவிட்டே வெளியேறினார்கள். நாம் உருகி உருகிப் பாடுகிற வேதநாயக சாஸ்திரியாரும் அவர்கள் பக்கமே நின்றார். அவர் பாடல்களை மனமாரப் பாடுவோம். இந்த ஒரு காரியத்தில் அவர் வழி நமக்கு வேண்டாம்.

எருசலேம் தேவாலயத்தில் புறஜாதியார் தாண்டக் கூடாத தடுப்பு ஒன்று இருந்தது. அதில் பதித்திருந்த கிரேக்கக் கல்வெட்டு ஒன்று 1871இல் கிடைத்து, இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைத் தாண்டுகிற அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்பதே அதன் வாசகம். எபேசு ஊரான் துரோப்பீமுவை அந்தத் தடுப்புக்கு உள்ளே கூட்டிவந்துவிட்டான் என்ற பழியின் பேரில்தான் பவுலை அடித்துப் பிடித்தார்கள். அந்தச் சுவரைக் கிறிஸ்து தம் சரீரத்தால் இடித்தார் என்று நாம் பிரசங்கிக்கிறோம். பிரசங்கித்துவிட்டு, இறந்தவர்களை இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதியாகப் பிரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பினோம். திருச்சி மேலப்புதூர்ச் சுவர் ஊரறிந்த சங்கதி. லுத்தரன், கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. என்று எந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னாலும் நாம் ஒளிந்துகொள்ள முடியாது.

தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோமே, எந்த யோக்கியதையால்? ஆபிரகாமை அழைத்ததே பூமியின் வம்சங்களெல்லாம் ஆசீர்வாதம் பெறத்தான். யூதரைத் தேவன் கைவிடவில்லை, அவர்களுக்குக் கொடுத்த அழைப்பு மாறாது என்று ரோமருக்கு எழுதும் பவுல், புறஜாதியாரைக் காட்டொலிவக் கிளை என்கிறார். இயல்புக்கு மாறாக நல்ல மரத்தில் ஒட்டப்பட்ட கிளை மேட்டிமை கொள்ளக் கூடாது என்று எச்சரிக்கிறார். நம் பாட்டன் பூட்டன் எவனும் ஆபிரகாம் வீட்டில் பிறந்தவனில்லை. வேளாளத் தெருவும் கள்ளர் தெருவும் பறையர் தெருவும் பள்ளர் தெருவும் ஒரே கிருபையால்தான் உள்ளே வந்தன. இரக்கத்தால் நுழைந்தவன் பிறப்பைக் காட்டி இன்னொருவனை வாசலில் நிறுத்தினால், தான் நுழைந்த வழியையே அவன் மறுதலிக்கிறான்.

ஆகையால் செய்யுங்கள். அறுப்பின் பண்டிகைக்கு நெல் மூட்டையைக் காணிக்கையாகக் கொண்டுவருகிறோம். அதற்கு நாற்றுப் பறித்தவர்கள், முழங்கால் சேற்றில் குனிந்து நடவு நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அவர்கள் வீட்டுப் பெண்கள் அன்று சமைக்கட்டும், பரிமாறட்டும். முதல் பந்தியில் எல்லாத் தெருவும் கலந்து உட்காரட்டும். இராப்போஜனத்துக்கு முந்திக்கொண்டு போகிற குடும்பங்கள் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். உங்களுக்கு முன் யார் வாய்வைத்தாலும் அதே பாத்திரத்தில் குடியுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும்போது விசுவாசத்தையும் குணத்தையும் விசாரியுங்கள், அதற்குமேல் தோண்டாதீர்கள். சபைக் கமிட்டியார் இந்த மாதமே கூடி, கல்லறைத் தோட்டம் முழுவதும் எல்லாருக்கும் பொது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அடுத்த சாவு எந்தத் தெருவில் விழுந்தாலும் குழி வரிசைப்படியே வெட்டப்பட வேண்டும்.