கேள்வி ஞானமும் குருவும்

குருவின் முன் உட்கார்ந்து முறையாகப் பழகாமல், பிறர் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே ஓர் இசைக்கருவியை வசப்படுத்திக்கொள்வதைத் தமிழில் கேள்வி ஞானம் என்பார்கள். இந்தச் சொல்லில் வியப்பும் உண்டு, தயக்கமும் உண்டு. ‘அவருக்கு எல்லாம் கேள்வி ஞானந்தான்’ என்று சொல்லும்போது ஒருவருடைய இயல்பான திறமை போற்றப்படுகிறது. அவர் பெற்றது முழுமையான கல்விதானா என்ற ஐயமும் அதே மூச்சில் எழுகிறது. இந்த ஐயம் இசையோடு நிற்பதில்லை. குருவின்றி ஞானம் கைகூடுமா என்ற பழைய சமயக் கேள்வியின் கிளை இது. இசைக்குச் சொல்லும் விடை அந்தப் பெரிய கேள்விக்கும் ஓரளவு வெளிச்சம் தரும்.

முதலில் சொற்களைப் பார்க்க வேண்டும். ‘கேள்’ என்னும் வினை செவியால் உணர்வதையும் குறிக்கும், வினவுவதையும் குறிக்கும். அதிலிருந்து பிறந்த ‘கேள்வி’ என்ற சொல்லுக்குக் கேட்டல், வினா, கேட்டுப் பெற்ற அறிவு ஆகிய பொருள்கள் உள்ளன. பழந்தமிழில் அது இசையின் சுருதியையும் குறித்தது. பொருநராற்றுப்படை யாழ் நரம்பைப் பேசுமிடத்தில் இச்சொல்லை அந்தப் பொருளில் ஆள்கிறது. வடமொழியிலும் இதே இணைப்பைக் காணலாம். ‘சுருதி’ என்றால் கேட்கப்பட்டது. வேதத்துக்கும் அதுவே பெயர், பாடகர் பற்றிக்கொள்ளும் ஆதார ஒலிக்கும் அதுவே பெயர். திருக்குறள் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வியைத் தனி அதிகாரமாக வைக்கிறது. நூல் கல்லாதவருக்கும் கேள்வி துணையாகும் என்பது அங்கே சொல்லப்படும் கருத்துகளுள் ஒன்று.

இன்னொரு வழக்கும் கவனத்துக்குரியது. ஆசிரியரிடம் முறையாகப் படிப்பதையே தமிழில் ‘பாடம் கேட்டல்’ என்கிறோம். உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார் என்றுதான் சொல்வது மரபு. ஆகவே செவிவழிக் கல்வி ஒரு பக்கம், குருவழிக் கல்வி மறு பக்கம் என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தத் தமிழ் இடம் தருவதில்லை. குருவிடம் கற்பதும் கேட்பதுதான். வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

சைவ மரபின் மூன்று கதைகள் இந்தத் தேடலுக்கு உதவுகின்றன. உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம், தில்லையில் பூட்டிய அறையில் தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்ததைச் சொல்கிறது. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சிய ஏடுகளை மீட்டார்கள். சொற்கள் கிடைத்தன, அவற்றைப் பாடும் பண்கள் கிடைக்கவில்லை. அவற்றைத் தந்தவர் திருஎருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண். ஏட்டைக் கறையான் தின்றபோதும், தலைமுறை தலைமுறையாகச் செவியில் வாங்கி வைத்த பண் அழியவில்லை என்பதே இக்கதையின் சாரம்.

இரண்டாவது கதை அந்த யாழ்ப்பாணருடையது. திருஞானசம்பந்தரின் பதிகங்களைக் கேட்டு அவற்றை யாழில் வாசித்து உடன் சென்றவர் அவர். தருமபுரத்தில் அவருடைய உறவினர்கள், இவர் யாழில் வாசிப்பதால்தான் பதிகங்கள் பரவுகின்றன என்று பெருமை பேசினார்கள். அது பொறாத பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டினார். சம்பந்தர் பாடியதை யாழால் தொடர முடியாமல் போகவே, யாழையே உடைக்கப் போனார்; சம்பந்தர் தடுத்து, இயன்ற அளவு வாசித்தால் போதும் என்றார். அந்தப் பதிகம் யாழ்மூரி எனப்படுகிறது. கேட்டது அனைத்தும் விரலுக்கு வந்துவிடாது. அந்த எல்லையை உணர்வதும் கேள்வியில் அடங்கும்.

மூன்றாவது, ஆனாய நாயனாரின் வரலாறு. மழநாட்டுத் திருமங்கலத்தில் பசு மேய்த்த ஆனாயர், பூத்து நின்ற கொன்றையைக் கண்டு உருகி ஐந்தெழுத்தைக் குழலில் இசைத்தார், பகை மறந்த விலங்குகளும் பறவைகளும் சூழ நின்றன, இறைவன் எதிர்வந்தான். அவருக்குக் குழல் கற்பித்த ஆசான் எவரையும் சேக்கிழார் பெயர் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் மூங்கிலை வெட்டித் துளையிட்ட முறை நூல் மரபுக்கு ஒத்தது என்பதை விரித்தே சொல்கிறார். அன்பு தானே பெருகலாம். துளையின் இடைவெளி தானே அமையாது.

குரு எந்த அளவுக்குத் தேவை என்பதைச் சைவ சித்தாந்தம் நுட்பமாக வகுத்துள்ளது. உயிர்கள் விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என மூவகை. முதல் வகையினருக்கு இறைவன் உள்ளே நின்று உணர்த்துகிறான். இரண்டாம் வகையினருக்குத் திருவுருவோடு முன்னே தோன்றி உணர்த்துகிறான். மும்மலமும் உடைய சகலருக்கோ மானுட குருவின் வடிவில் மறைந்து வந்து உணர்த்துகிறான். உலகில் வாழும் நாம் அனைவரும் சகலரே. ஆகவே குரு வேண்டும் என்பது விதி. குருவின் வடிவில் வருவது யார் என்பதில்தான் சித்தாந்தத்தின் அழுத்தம். மெய்கண்டாரின் சிவஞானபோதம் எட்டாம் சூத்திரம், வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனை உவமையாக்குகிறது. தந்தை வந்து ‘நீ யார்’ என்பதை உணர்த்தும்போது, மகனிடம் இல்லாத ஒன்று புதிதாகச் சேர்வதில்லை, உள்ளிருந்தது துலங்குகிறது. அந்தத் துலக்கத்துக்கு மகனைப் பார்த்து அடையாளம் காணும் ஒருவர் வெளியே தேவைப்படுகிறார். இந்த ஒரு குறிப்பு இசைக் கல்விக்கும் திறவுகோல்.

குருவில்லாக் கல்வி என்றதும் மகாபாரதத்தின் ஏகலைவன் நினைவுக்கு வருவான். துரோணர் அவனை மாணவனாக ஏற்கவில்லை. அவரைப் போல மண்ணால் ஓர் உருவம் செய்து, அதன் முன் பயின்று வில்லில் தேர்ந்தான். பின்பு துரோணர் வந்து வலக்கைப் பெருவிரலைத் தட்சிணையாகக் கேட்டார். இக்கதையில் பாடம் சொல்லாத குரு கூலி பெற்றது அநீதி என்று படிப்பவர் நெஞ்சு துடிக்கிறது. அது நியாயமான துடிப்பு. அதோடு சேர்த்து ஒன்றைக் கவனிக்கலாம். ஏகலைவன் தனியாகக் கற்றபோதும் தனக்குத் தானே குரு என்று எண்ணவில்லை. கடனை மறுக்கவும் இல்லை. கேட்டும் பார்த்தும் கற்றவர் யாரிடமிருந்து கற்றார் என்பதை மறவாமல் இருப்பது அறத்தின் பாற்பட்டது. மண் உருவத்தால் ஏற்க முடியும்; திருத்த முடியாது. அந்தக் குறையை ஏகலைவன் தன் கடும் பயிற்சியால் மட்டுமே நிரப்ப வேண்டியிருந்தது.

கொங்கு நாட்டில் கேள்வி ஞானம் இன்றும் உயிரோடு இயங்குவது ஊர்க்கோயில்களில். நீலகிரி அடிவாரத்தில் பவானி ஆற்றங்கரையில் அமைந்த மேட்டுப்பாளையத்தைச் சுற்றி இதைத் தெளிவாகக் காணலாம். தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலில் ஆடிக் குண்டம், காரமடை அரங்கநாதர் கோயிலில் மாசித் தேர், ஊர்தோறும் மாரியம்மன் நோம்பி என்னும் திருவிழா என ஆண்டு முழுவதும் பறை, பம்பை, உருமி, உடுக்கை, துடும்பு ஒலிக்கின்றன. நோம்பி சாட்டிக் கோயில் முன் கம்பம் நட்டபின் இரவுதோறும் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் நடக்கும். சிறுவர்கள் முதலில் ஆடுகிறார்கள். அடி காலில் ஏறுகிறது. பிறகு ஜால்ராவைக் கையில் வாங்குகிறார்கள். அதன்பின்தான் தோலும் குச்சியும். இங்கே பாடப்புத்தகம் இல்லை, வகுப்பு நேரம் இல்லை. ஆனால் திருத்தம் உண்டு. அடி தப்பினால் ஆடுகிறவர் கால் தடுமாறும். பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்ப்பார். அருள் வந்து ஆடுகிறவருக்கு உடுக்கை அடிப்பவர் அவர் மூச்சின் வேகத்தையும் ஆட்டத்தின் ஏற்றத்தையும் கேட்டு அடிக்க வேண்டும். முந்திவிட்டாலும் பிந்திவிட்டாலும் அருள் கலைந்துவிடும் என்பது நம்பிக்கை.

அண்ணன்மார் கதையும் இப்படித்தான் நிலைத்தது. பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களின் இந்தக் கதையைக் கொங்குப் பாடகர்கள் உடுக்கையோடு பல இரவுகள் தொடர்ந்து பாடுவார்கள். 1960களில் பிரெண்டா பெக் என்ற கனடிய மானிடவியலாளர் காங்கயம் பகுதியில் தங்கி இதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். சக்திக்கனல் கொங்கு ஏட்டு வடிவமொன்றைப் பதிப்பித்தார். பதிவும் பதிப்பும் வருவதற்கு முன்பே கதை நெடுங்காலம் செவியில் வாழ்ந்திருந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் கோத்தகிரிப் பக்கம் கோத்தர் என்னும் பழங்குடியினரின் ஊர்கள் உள்ளன. அவர்கள் கொள் என்னும் ஊதுகருவியையும் பறைகளையும் கொம்பையும் வாசிப்பவர்கள். தங்கள் தெய்வமான கம்பட்டராயரின் பண்டிகையில் அத்தெய்வத்துக்கு உரிய மெட்டுகள் தனி. சாவுக்கு உரிய மெட்டுகள் தனி. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வாசிப்பதில்லை. அங்கே இளைஞர் கேட்டுப் பழகுவது மெட்டை மட்டும் அன்று. எந்த நாளில், யாருக்கு முன், எதை வாசிக்கலாகாது என்பதையும் சேர்த்தே பழகுகிறார். தனியறையில் மெட்டை மட்டும் கேட்டவருக்கு இந்த அறிவு வாய்க்காது. செவிவழிக் கல்விக்கு நிகழ்ச்சியும் ஊரும் வேண்டும்.

கர்நாடக இசை மேடையிலும் இதே உண்மையைப் புல்லாங்குழலின் வரலாறு காட்டுகிறது. குழலைக் கச்சேரியின் முதன்மைக் கருவியாக உயர்த்தியவர் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904). அவருக்குக் கண்பார்வை இல்லை. கற்றதும் கற்பித்ததும் செவி வழியே. அவர் மறைந்த அதே 1904-இல்தான் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. கமகங்களுக்குக்கூடத் தனிக் குறியீடு வகுத்த நூல் அது. இருந்தும் எந்தக் குறியீடும் ஒரு சுரம் அடுத்த சுரத்தை எப்படித் தொட்டு வழுக்கிச் செல்கிறது என்பதை முழுதாகச் சொல்லிவிடாது. கேட்ட காதுதான் குறியீட்டுக்குப் பொருள் தருகிறது.

சரப சாஸ்திரியின் வழிவந்தவர் கொங்கு நாட்டுக்காரரான பல்லடம் சஞ்சீவ ராவ் (1882–1962). நெடுங்காலம் தென்னாட்டில் குழல் என்றால் அவர் பெயரே முன்னே வந்தது. அவரை அடுத்து வந்த டி. ஆர். மகாலிங்கம் (1926–1986), ‘மாலி’ என அழைக்கப்பட்டவர், சிறுவயதிலேயே மேடையேறியவர். வாய்ப்பாட்டில் கேட்ட அசைவும் குழைவும் குழலிலும் வரவேண்டும் என்று அவர் செவி வற்புறுத்தியது. பழைய பிடியில் அது வரவில்லை. துளைகளைப் பாதி மூடியும் மெல்லத் திறந்தும் வாசிக்க ஏதுவான விரற்பிடியை அவர் கைக்கொண்டார். இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது அதைத்தான். பாடத்தில் இல்லாத ஒன்றைச் செவி கேட்டது. விரல் அதற்கு வழி கண்டது. கேள்வி ஞானம் மரபைப் பின்பற்றுவதோடு நில்லாமல் மரபை வளர்க்கவும் வல்லது என்பதற்கு இது சான்று.

குருவே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர் வீணை எஸ். பாலசந்தர் (1927–1990). ‘அந்த நாள்’ (1954) படத்தை இயக்கியவரும் அவரே. கஞ்சிரா, சித்தார் எனப் பல கருவிகளைச் சிறுவயதிலேயே கையாண்டு, வீணையைத் தாமே பயின்றார். வீணைத் தண்டின் ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களைப் பிறப்பிக்கும் அவர் வாசிப்பு வீணைக்குக் குரலின் நீண்ட மூச்சைக் கொடுத்தது. இங்கே குரு உண்மையிலேயே இல்லையா? வீணை ஆசான் இல்லை என்பது சரி. ஆனால் அவர் இளமையிலிருந்து கச்சேரிகளிடையே வளர்ந்தவர். மேடையில் உடன் வாசித்தவர்களும் எதிரே அமர்ந்த தேர்ந்த ரசிகர்களும் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இந்தச் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் தொடக்கத்தில் தேடிய வேறுபாடு பிடிபடுகிறது. குருவின் பணி சொல்வது என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. சொல்லப்படுவதைச் செவி பல வாயில்களில் பெற்றுக்கொள்ளும். கோயில் வாசலில் பெறும், வானொலியில் பெறும். வேறெங்கும் எளிதில் கிடைக்காதது குருவின் இன்னொரு பணி. மாணவர் வாசிப்பதை அவர் கேட்கிறார். வாசிக்கிறவரின் காது தன் நினைப்பில் ஒலிப்பதையே பெரும்பாலும் கேட்கும். சுருதி இம்மி விலகியதும் தாளம் நழுவியதும் அதற்கு எட்டாது. வெளியே ஒருவர் கேட்டு ‘இங்கே’ என்று காட்ட வேண்டும். அரசகுமாரனை அடையாளம் கண்ட தந்தை செய்தது அதுவே.

நோம்பியில் பழகும் சிறுவனுக்கு இந்தக் கேட்பவர் உண்டு, ஊரே கேட்கிறது. அதனால் அவனுடையது குருவில்லாக் கல்வி ஆகாது. பெயரிடப்படாத குருவிடம் பெற்ற கல்வி. ஒலிநாடாவிலோ கைப்பேசியிலோ திரும்பத் திரும்பக் கேட்டுத் தனியே பழகுபவருக்கு முன்னெந்தத் தலைமுறைக்கும் வாய்க்காத கொடை கிடைத்துள்ளது. எந்த வித்துவானின் வாசிப்பையும் நூறு முறை கேட்கலாம். ஆனால் அந்தக் கருவி அவர் வாசிப்பைக் கேட்டுத் திருத்தாது. ஏகலைவனின் மண் உருவத்தைப் போல அது எல்லாவற்றையும் ஏற்கும். அப்படிப் பழகுபவர் யாரேனும் ஒருவர் முன் வாசித்துக் காட்டும் நாளில்தான் அவருடைய கேள்வி நிறைவடைகிறது.

ஆகவே கேள்வி ஞானம் குறைபட்ட ஞானமா என்றால், அன்று. எல்லா ஞானமும் கேள்வியில்தான் தொடங்குகிறது. குரு வேண்டாமா என்றால், வேண்டும். அவர் ஓர் ஆளாக இருக்கலாம், ஒரு சபையாக இருக்கலாம், கம்பத்தைச் சுற்றி நிற்கும் ஓர் ஊராக இருக்கலாம். கற்பவரைக் கேட்கும் செவி அங்கே இருக்க வேண்டும் என்பதே விதி.