சுமை இவ்வளவு என்று கொள்க

மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் தாண்டியாக வேண்டிய பாடம் 'டிசைன் ஆஃப் மெஷின் எலிமென்ட்ஸ்'. ஷாப்ட், பேரிங், ஸ்பிரிங், போல்ட் இவற்றை எந்த உலோகத்தில், எத்தனை மில்லிமீட்டர் கனத்தில் செய்தால் உடையாமல் உழைக்கும் என்று கணக்கிடக் கற்றுத்தருவது. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுக்கு, சூத்திரங்களும் அட்டவணைகளும் அடங்கிய டேட்டா புக்கைக் கையோடு கொண்டுபோகலாம். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொகுத்த அந்தப் புத்தகம் பெரிய உழைப்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டாலே தேறிவிடலாம் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். எனக்கு அதுதான் கவலை.

பக்கம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையிலிருந்து சந்திப்புக்குப் போகும்போது தாமிரபரணியைச் சுலோசன முதலியார் பாலத்தில் கடக்கிறோம். 1843-இல் திறந்தது. அந்தக் கல்வளைவுகளின் மேல் எது போனாலும் பாரம் கல்லை அழுத்தவே செய்யும். அழுத்தத்தைத் தாங்குவது கல்லின் இயல்பு. ரயில் அச்சின் கதை வேறு. பாலம் திறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1842 மே மாதம், வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாள்தோறும் தாங்கிய பாரத்தை ஒருநாள் ஏன் தாங்கவில்லை? ஜெர்மனியின் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ஆண்டுக்கணக்காக அச்சுகளைச் சோதித்து விடை கண்டார். சுழலும் அச்சில் ஒரே இடம் மேலே வரும்போது ஒருவிதமாகவும் கீழே போகும்போது அதற்கு நேர்மாறாகவும் இழுபட்டு அமுங்குகிறது. ஒருமுறை தாங்கும் பாரத்தைப் பத்து லட்சம் முறை தாங்க முடியாமல் போகலாம்.

பத்து லட்சம் பெரிய எண் அல்ல. நெல்லை எக்ஸ்பிரஸ் சென்னைக்கு ஓடும் தூரம் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள சக்கரம் அதற்குள் இரண்டு லட்சத்துக்கு மேல் சுற்றிவிடும். ஐந்து பயணம் போதும். அந்த ரயிலில் தூங்கிக்கொண்டு போகிறவர்கள் யாரும் அச்சைப் பற்றி நினைப்பதில்லை; நினைக்க வேண்டியதில்லாமல் செய்து வைப்பதுதான் இந்தப் படிப்பின் வேலை.

பாரம் மாறி மாறி விழுந்தே உலோகம் முறியும் என்பது, லேத் பட்டறைக்கு வரும் முறிந்த ஷாப்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். முறிந்த முகத்தில் பெரும்பகுதி வழவழப்பாக, ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த கோடுகள்போல் வரிவரியாக இருக்கும். விரிசல் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த தடம் அது. மீதி ஓர் ஓரம் சொரசொரப்பாக, கடைசி நொடியில் பிய்ந்ததாக இருக்கும். அந்த வரிகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் பெரும்பாலும் சாவி பொருத்த வெட்டிய கீவே பள்ளத்தின் ஒரு மூலையிலோ, ஷாப்டின் விட்டம் சட்டென்று குறையும் படியிலோ போய் நிற்கும். அங்கே இரண்டு மில்லிமீட்டர் வளைவு கொடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம். வடிவம் சட்டென்று மாறும் இடத்தில் தகைவு (ஸ்ட்ரெஸ்) குவியும்: இழுபடும் தகட்டில் ஒரு சிறிய வட்டத்துளை போட்டாலே அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்று பொறியாளர் கிர்ஷ் 1898-இலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்.

வினாத்தாள் எப்போதும் 'சுமை இவ்வளவு என்று கொள்க' என்றுதான் தொடங்குகிறது. பிசான நெல் அறுவடையில் சேற்று வயலில் இறங்கும் அறுவடை எந்திரத்துக்கு அப்படி யாரும் சுமையைக் குறித்துக் கொடுப்பதில்லை. ஈர நெல் எவ்வளவு கனக்கும், ஓட்டுநர் எவ்வளவு விரட்டுவார், கிரீஸ் வைப்பாரா என்பதையெல்லாம் வடிவமைப்பவர்தான் முன்கூட்டி யோசிக்க வேண்டும். பால் பேரிங்கில் பாரம் இரு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். பாதுகாப்புக் காரணியை (வலிமை சுமையைப்போல் எத்தனை மடங்கு என்பதை) 2 என்று வைப்பதா 4 என்று வைப்பதா என்பது, சுமை நமக்கு எவ்வளவு தெரியும், உடைந்தால் யாருக்கு என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் சொல்லும் பதில். அட்டவணையில் அதற்கு ஒரு தொடக்கம்தான் கிடைக்கும்.

1981-இல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரி திருநெல்வேலியிலேயே இருக்கிறது. அங்கும் சுற்றியுள்ள மற்றக் கல்லூரிகளிலும் இந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: முதல் வகுப்பில் டேட்டா புக்கைத் திறக்கும் முன், பட்டறைகளிலிருந்து பழைய இரும்புக்குப் போகும் முறிந்த ஷாப்டுகளை விலைக்கு வாங்கி, மாணவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுங்கள். அது எங்கே, ஏன் முறிந்தது என்று எழுதச் சொல்லி, அதற்கு மதிப்பெண்ணும் போடுங்கள்.