‘அது’ எது?

பொருளற்ற ஒரு பாட்டு கால் நூற்றாண்டு தாக்குப்பிடிப்பதை ரசனையின் வீழ்ச்சி என்று சொல்லிவிடுவது சுலபம். சொன்னபிறகும் பாட்டு அங்கேயே இருக்கிறது என்பதுதான் சங்கடம்.

பாக்ஸ்ட்ரீட் பாய்ஸ் குழுவின் ‘ஐ வான்ட் இட் தட் வே’ 1999ல் வெளிவந்தது. எழுதியவர்கள் மாக்ஸ் மார்ட்டின், ஆந்த்ரியாஸ் கார்ல்ஸன் என்ற ஸ்வீடன்காரர்கள். ஆங்கிலம் அவர்கள் தாய்மொழி அல்ல. பொருளைவிட ஓசையே அவர்களுக்கு முக்கியம். பாட்டின் அச்சாணி ‘அது’ என்கிற சுட்டு. சரணத்தில் அதைத் தான் விரும்புவதாகச் சொல்பவன், பல்லவியில் இன்னொருவர் வாயால் அதே சொற்களைக் கேட்க மறுக்கிறான். எது அந்த ‘அது’ என்று பாட்டு கடைசிவரை சொல்வதில்லை. இந்தக் குறை அப்போதே கண்ணில் பட்டது. பொருள் விளங்கும்படி வேறு சொற்களில் ஒரு வடிவம் பதிவும் செய்யப்பட்டது. பாடகர்கள் பழைய வடிவமே போதும் என்றார்கள்.

தெளிவின்மை நம்மிடையே பழிச்சொல் அல்ல. புதுக்கவிதை புரியவில்லை என்றவர்களுக்கு, கவிதையின் அர்த்தம் அதன் உரைநடைச் சுருக்கத்தில் இல்லை என்று பதில் சொன்னோம். அந்த வாதம் சரியென்றால் இந்தப் பாட்டுக்கும் அதை மறுக்க முடியாது. கவிதைக்கு ஒரு படி, பாட்டுக்கு ஒரு படி என்று அளப்பது விமர்சனம் அல்ல, ஜாதி அபிமானம்.

கவிஞனின் இருண்மை அனுபவத்தால் நேர்ந்தது, இவர்களுடையது வியாபாரத்தால் நேர்ந்தது என்று வித்தியாசம் கற்பிக்கலாம். குழு 1993ல் ஆர்லாண்டோவில் லூ பெர்ல்மன் என்ற முதலாளியால் ஆள் தேடிச் சேர்க்கப்பட்டது. முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக அவர் 2008ல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 2016ல் காவலிலேயே இறந்தார். ஆனால் தோற்றுவாயின் அசுத்தம் படைப்பில் ஒட்டியே தீரும் என்பதற்கு என்ன நியாயம்? கூலிக்குப் பாடியதெல்லாம் பொய் என்றால், பரிசில் வேண்டிப் பாடிய புறநானூற்றுப் புலவர்களையும் நாம் கைவிட வேண்டியிருக்கும்.

2005ல் சீனாவின் குவாங்சோ நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் இருவர், விடுதி அறையில் கூடைப்பந்துச் சட்டையோடு உட்கார்ந்து இப்பாட்டுக்கு வாயசைத்த படத்தை உலகமே பார்த்தது. பின்னால் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் மூழ்கியிருக்கிறான். ஏளனமா, ஈடுபாடா என்று பிரிக்க முடியவில்லை. சுட்டு காலியாக இருந்ததால்தான் அந்த அறையும் அதற்குள் அடங்கிற்று.

வெற்றிடத்தை நாமே நிரப்புவது சுதந்திரம்போலத் தெரிகிறது. ஆனால் நிரப்புவது ஏற்கெனவே நம்மிடம் இருப்பதைக் கொண்டுதான். அரசியல் கோஷமும் இவ்வாறே இயங்குகிறது. ‘நாம்’, ‘அவர்கள்’ என்ற சுட்டுகளில் ஆளுக்கொரு பயத்தைப் போட்டுக்கொள்கிறோம். கோஷம் பிறகு நம்மைத் திரட்டிக்கொண்டு போகிறது. பாட்டு மூன்றரை நிமிஷத்தில் நம்மை விட்டுவிடுகிறது. இந்த வித்தியாசம் அற்பமானதல்ல.

நல்ல கவிதை நம்மிடம் இல்லாத ஒன்றைத் தருகிறது. இந்தப் பாட்டு இருப்பதையே திருப்பித் தருகிறது. சிறிய காரியம்தான், ஆனால் மோசடி இல்லை. காலியான சுட்டுக்குப் பின்னால் தரிசனம் இருப்பதாகப் பாவனை செய்வதுதான் மோசடி. அந்தக் குற்றச்சாட்டை ஸ்டாக்ஹோமுக்கு அனுப்புமுன், நம் சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.